உங்களுக்கு பி.எஃப். இருக்கு... உங்களைச் சுமந்த குதிரைக்கு?

சம்பள ஸ்லிப்பைத் திறந்ததும் நம் கண் முதலில் போவது பிடித்தம் பக்கம்தான். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப். போய்விடும். நிறுவனமும் தன் பங்குக்கு அதே அளவு போடும். மாதக் கடைசியில் கை கடிக்கும்போது 'இந்தப் பணம் இப்போ கையில் இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்' என்று தோன்றும். ஆனாலும் நாம் சண்டை போடுவதில்லை. உடம்பில் தெம்பு இருக்கும்போதே, தெம்பு போன பிறகு வரும் நாட்களுக்கு எடுத்து வைக்க வேண்டும் என்பது நமக்குப் புரிகிறது.

இதே கணக்கைக் குதிரைச் சவாரிப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் குதிரைக்குப் போட்டுப் பார்ப்போம். 5, 6 வயதில் வேலைக்குச் சேர்கிறது. சுமார் 20 வயதில் முதுகும் மூட்டும் 'போதும்' என்று சொல்லிவிடுகின்றன. நன்றாகப் பார்த்துக்கொண்டால் அது 25 முதல் 30 வயது வரை வாழும். நடுவில் இருக்கும் அந்த 5 முதல் 10 ஆண்டுகளுக்கு யார் சோறு போடுவது?

குறைந்த கட்டணத்தில் ஏழைக் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சவாரி கற்றுத்தரும் 'சமூக சவாரிப் பள்ளி'களுக்கு இது ரொம்பவே சங்கடமான கேள்வி. அதற்கு இந்தக் கட்டுரை சொல்லும் பதில் ஒன்றுதான்: ஓய்வூதியம் தர்மம் இல்லை, சம்பள பாக்கி. குதிரை வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே அதை எடுத்து வைக்க வேண்டும்.

அது என்ன 'சமூக' சவாரிப் பள்ளி?

குதிரைச் சவாரி என்றாலே பணக்காரர் விளையாட்டு என்ற எண்ணம் நம் ஊரில் மட்டும் இல்லை, பிரிட்டனிலும் உண்டு. அதை உடைக்கக் கிளம்பியவைதான் இந்தப் பள்ளிகள். தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் 1996-ல் தொடங்கிய எபனி ஹார்ஸ் கிளப் நல்ல உதாரணம். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே வளரும், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் குதிரையோடு பழகும் வாய்ப்பைத் தருகிற அறக்கட்டளை அது. அங்கே சவாரி கற்ற கதீஜா மெல்லா என்ற 18 வயதுப் பெண், 2019-ல் குட்வுட் மைதானத்தில் நடந்த மேக்னோலியா கோப்பைப் பந்தயத்தில் ஹிஜாப் அணிந்தபடியே ஓட்டி ஜெயித்தார். உலகம் முழுக்க அது செய்தியானது.

இன்னொரு உதாரணம் 'ரைடிங் ஃபார் தி டிஸேபிள்ட் அசோசியேஷன்'. சுருக்கமாக ஆர்.டி.ஏ. இளம்பிள்ளைவாதத்தால் கால்கள் பாதிக்கப்பட்ட டென்மார்க் வீராங்கனை லிஸ் ஹார்டெல், 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார். 'சிகிச்சையாகவும் சவாரி பயன்படும்' என்ற எண்ணம் பல நாடுகளுக்குப் பரவ அந்த வெற்றி பெரிய தூண்டுதல். பிரிட்டனில் 1969-ல் தேசிய அமைப்பாக உருவான ஆர்.டி.ஏ.வுக்கு இன்று நூற்றுக்கணக்கான கிளைகள். பெரும்பாலும் தன்னார்வலர்களை நம்பியே அவை இயங்குகின்றன.

இப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்யும் குதிரை சாதாரணக் குதிரை இல்லை. பயந்துபோன குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாலும் அசையாமல் நிற்க வேண்டும். கடிவாளத்தைத் தப்புத்தப்பாக இழுத்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். சமநிலை இல்லாத உடலைச் சுமந்துகொண்டு ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். இந்தப் பொறுமை இளங்குதிரைக்கு வராது, பல வருட அனுபவத்தில்தான் வரும். அதனால் இந்தப் பள்ளிகளில் நடுத்தர வயதைத் தாண்டிய குதிரைகளே அதிகம். ஒரு குதிரை வேலையில் உச்சத்தைத் தொடும் வயதும் ஓய்வை நெருங்கும் வயதும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகிறது.

'சும்மா நிற்கிற குதிரைக்கு என்ன பெரிய செலவு?'

பலர் நினைப்பது இப்படி: வேலை இல்லையென்றால் புல்வெளியில் விட்டுவிடலாம், அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டு இருக்கும். உண்மை வேறு. வேலை நின்றால் வருமானம்தான் நிற்கிறது, செலவு நிற்பதில்லை.

முதலில் சாப்பாடு. ஒரு குதிரை தினமும் தன் எடையில் சுமார் 1.5 முதல் 2 சதவீதம் அளவுக்கு உலர் தீவனம் சாப்பிட வேண்டும். 400 கிலோ குதிரை என்றால் 6 முதல் 8 கிலோ. தண்ணீர் ஒரு நாளைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் கூடும்.

அடுத்தது பல். நமக்குப் போல ஒருமுறை முளைத்து அப்படியே நிற்கும் பல் இல்லை அது. ஈறுக்குள் நீளமாகப் புதைந்திருக்கும் பல், ஆண்டுக்கு 2, 3 மில்லிமீட்டர் வீதம் வெளியே வந்துகொண்டே இருக்கும். மெல்ல மெல்லத் தேயும். 20 வயதுக்கு மேல் உள்ளே இருக்கும் இருப்பு தீரத் தொடங்கும். அப்புறம் வைக்கோலைச் சரியாக மெல்ல முடியாது. பாதி மென்றதை உருண்டையாகத் துப்பிவிடும். பார்ப்பவர்களுக்கு 'நிறைய தீவனம் போட்டிருக்கோமே' என்று இருக்கும், குதிரையோ இளைத்துக்கொண்டே போகும். நறுக்கிய தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு நாளைக்குப் பல தடவையாகக் கொடுக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், நேரமும் வேண்டும்.

மூன்றாவது குளம்பு. நம் நகம் போலவே அதுவும் வளர்ந்துகொண்டே இருக்கும், மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வரை. ஓய்வுபெற்ற குதிரைக்கு லாடம் தேவைப்படாமல் போகலாம். ஆனால் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கி ஒழுங்குபடுத்தியே ஆக வேண்டும். விட்டுவிட்டால் நடையே கோணலாகும்.

நான்காவது நோய். மூட்டுத் தேய்மானம் கிட்டத்தட்ட எல்லா வயதான குதிரைக்கும் வரும். அத்துடன் 'குஷிங்ஸ்' என்று பரவலாகச் சொல்லப்படும் ஹார்மோன் கோளாறு. வெயில் காலம் வந்தும் உடம்பு முடி உதிராமல் அடர்ந்து கிடப்பது அதன் அடையாளங்களில் ஒன்று. இதற்கு மாத்திரை இருக்கிறது. ஆனால் ஆயுள் முழுக்கத் தினமும் கொடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் குளம்புக்குள் வீக்கம் வந்து குதிரையால் நிற்கவே முடியாமல் போகலாம்.

கடைசியாகத் துணை. குதிரை கூட்டமாக வாழும் பிராணி. தனியாக ஒரு மூலையில் கட்டிப்போட்டால் வயிற்றுக்குக் கிடைத்தாலும் மனசு வாடிவிடும். மூட்டு வலி இருக்கிற குதிரையை நாள் முழுக்க லாயத்தில் நிறுத்தினால் இன்னும் இறுகிப்போகும். மெதுவாக நடமாட இடமும் பக்கத்தில் நிற்க இன்னொரு குதிரையும் வேண்டும். ஆக, 'ஓய்வு' என்பதும் ஒரு முழுநேரப் பராமரிப்புதான்.

வேலை முடிந்தால் எங்கே போகும்?

நடைமுறையில் ஒரு பள்ளியின் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன.

ஒன்று, பள்ளியே வைத்துக்கொள்வது. நல்ல வழி. ஆனால் நகரத்துப் பள்ளிகளில் லாயமே நாலைந்துதான். ஓய்வுபெற்ற குதிரை ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டால், வேலைக்கு வரும் புதுக் குதிரைக்கு இடம் இல்லை.

இரண்டு, உரிமையாளரிடம் திருப்பி அனுப்புவது. ஆர்.டி.ஏ. கிளைகளில் பல குதிரைகள் தனியாரிடமிருந்து இரவல் வாங்கியவை. வேலை முடிந்ததும் சொந்தக்காரரிடம் போய்விடும். அவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மூன்று, விற்பது அல்லது இலவசமாகக் கொடுப்பது. 'நல்ல வீட்டுக்குத்தான் போகுது' என்ற நம்பிக்கையில் கொடுப்பார்கள். ஆபத்து இங்கேதான். முதலில் வாங்கியவர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கு வேலை போனால், வீடு மாறினால், குதிரை அடுத்த கைக்குப் போகும். அங்கிருந்து இன்னொரு கைக்கு. வலி மாத்திரை கொடுத்து நொண்டலை மறைத்து, சவாரிக் குதிரை என்று மறுபடி விற்கும் மோசடி பற்றியும் குதிரை நல அமைப்புகள் எச்சரிக்கின்றன.

நான்கு, காப்பகம். பிரிட்டனில் பெரிய காப்பகங்கள் உண்டு. ஆனால் அவை முதலில் எடுத்துக்கொள்வது கொடுமைக்கும் பட்டினிக்கும் ஆளானவற்றைத்தான். வீடு உள்ள, உரிமையாளர் உள்ள கிழக்குதிரைக்கு அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்புதான்.

ஐந்து, கருணைக்கொலை. இதைப் பற்றிக் கீழே தனியாகப் பேசுவோம்.

ஐந்தில் எது நடக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அந்த மாதம் பள்ளியின் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான். பிரச்சினையின் வேர் அங்கே இருக்கிறது.

இது புதுக் கேள்வி இல்லை

லண்டன் தெருக்களில் ஆயிரக்கணக்கான குதிரைவண்டிகள் ஓடிய காலம். அன்னா சீவல் எழுதிய 'பிளாக் பியூட்டி' நாவல் 1877-ல் வெளிவந்தது. குதிரையே தன் கதையைச் சொல்வது போன்ற புத்தகம். அதைப் படித்து மனம் கலங்கிய ஆன் லிண்டோ என்ற பெண், 1886-ல் குதிரைகளுக்கென ஓய்வில்லம் ஒன்றைத் தொடங்கினார். வண்டிக்காரர் தன் குதிரையை அங்கே விட்டு ஓய்வெடுக்க வைக்கலாம், அதுவரை பிழைப்பு கெடாமல் இருக்க வேறொரு குதிரையை வாங்கிப்போகலாம். 'குதிரைக்கு ஓய்வு கொடு' என்று அறிவுரை சொல்வதோடு நிற்காமல், அதற்கான செலவை யார் தாங்குவது என்பதற்கும் அவர் பதில் வைத்திருந்தார். அந்த அமைப்பு இன்றும் 'தி ஹார்ஸ் டிரஸ்ட்' என்ற பெயரில் இருக்கிறது.

1911-ல் எய்டா கோல் என்ற இன்னொரு பெண், பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் ஒரு காட்சியைப் பார்த்தார். பிரிட்டனில் உழைத்து ஓய்ந்த குதிரைகள் இறைச்சிக்காகக் கப்பலிலிருந்து இறக்கப்பட்டு நடத்திச் செல்லப்பட்டன. அவர் தொடங்கிய போராட்டம் 1927-ல் ஓர் அமைப்பாக மாறியது. இன்றைய 'வேர்ல்டு ஹார்ஸ் வெல்ஃபேர்' அதுதான். இறைச்சிக்காக உயிருடன் கால்நடைகளை ஏற்றுமதி செய்வதற்கு பிரிட்டன் சட்டம் போட்டு முழுத் தடை விதித்தது எப்போது தெரியுமா? 2024-ல். அதாவது அவர் பார்த்த காட்சிக்கு 113 ஆண்டுகள் கழித்து.

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்தது என்பார்கள். வரலாற்றைப் பார்த்தால் குழி பறித்தது குதிரை இல்லை.

புகழ் இருந்தால்தான் பென்ஷனா?

1982 ஜூலையில் லண்டன் ஹைடு பார்க்கில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு வெடித்தபோது ராணுவக் குதிரைகள் ஏழு இறந்தன. உடம்பில் 34 காயங்களுடன் பிழைத்தது செஃப்டன் என்ற குதிரை. நாடே அதற்காகப் பிரார்த்தித்தது. 1984-ல் ஓய்வுபெற்ற செஃப்டன், ஆன் லிண்டோ தொடங்கிய அதே ஓய்வில்லத்தில் ஒன்பது ஆண்டுகள் நிம்மதியாக இருந்து, 1993-ல் தன் 30-வது வயதில் மறைந்தது.

நம் நாட்டிலும் ஒரு காட்சி நினைவிருக்கலாம். 2022 குடியரசு தின அணிவகுப்பு முடிந்ததும் குடியரசுத் தலைவரும் பிரதமரும் ஒரு குதிரையைத் தட்டிக்கொடுத்து வழியனுப்பினார்கள். குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையில் பல ஆண்டுகள் சேவை செய்த விராட் அது. ஓய்வுக்குக் கொஞ்ச நாள் முன்புதான் ராணுவத் தளபதியின் பாராட்டுச் சான்றும் அதற்குக் கிடைத்திருந்தது. வீடியோ வைரலானது, பார்த்தவர்கள் நெகிழ்ந்தார்கள்.

நெகிழ வேண்டியதுதான். ஆனால் கதீஜா மெல்லா ஜெயித்ததைக் கொண்டாடிய நம்மில் எத்தனை பேருக்கு, அவர் முதன்முதலில் ஏறி உட்கார்ந்த குதிரையின் பெயர் தெரியும்? ஆயிரம் குழந்தைகளைச் சுமந்த பள்ளிக் குதிரைக்குப் பட்டமும் இல்லை, கேமராவும் இல்லை. புகழை நம்பி ஓய்வூதியம் வைத்தால் அது சில குதிரைகளுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். நம் பி.எஃப். அப்படி இல்லை. ஸ்டார் ஊழியருக்கும் உண்டு, சத்தமில்லாமல் வேலை பார்ப்பவருக்கும் உண்டு. குதிரைக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

சரி, ஒரு சவாரிக்கு எவ்வளவு ஆகும்?

கணக்கு போட்டுப் பார்ப்போம். இது உதாரணக் கணக்கு, உங்கள் ஊர் விலைக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு குதிரை 6 வயதில் வேலைக்கு வந்து 20 வயதில் ஓய்வு பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 14 ஆண்டு வேலை. அதற்குப் பிறகு 27 வயது வரை 7 ஆண்டு ஓய்வு. ஆக, இரண்டு மாத வேலை ஒரு மாத ஓய்வைத் தாங்க வேண்டும். ஓய்வுக்கால மாதச் செலவு 16,000 ரூபாய் என்றால், வேலை செய்யும் ஒவ்வொரு மாதமும் 8,000 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 2 சவாரி என்றால் மாதத்துக்குச் சுமார் 40 சவாரி. 8,000-ஐ 40 ஆல் வகுத்தால், சவாரிக்கு 200 ரூபாய்.

விலைவாசி ஏறும் என்பது சரி, அதற்கு வட்டி ஓரளவு ஈடுகொடுக்கும். 12 வயதிலேயே காலில் அடிபட்டு ஓய்வுபெறும் குதிரையும் இருக்கும். அதற்குத்தான் ஒவ்வொரு குதிரைக்கும் தனிக் கணக்கு என்று இல்லாமல் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு நிதி வேண்டும் என்கிறோம்.

200 ரூபாய் சின்னத் தொகை இல்லைதான். ஆனால் அந்தச் செலவு இன்று கட்டணத்தில் சேரவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடவில்லை. குதிரையின் கடைசி ஆண்டுகளிலிருந்து அதை எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

முக்கியமான இன்னொன்று: இந்தப் பணம் பள்ளியின் பொதுக் கணக்கில் கலக்கக் கூடாது. கூரை ஒழுகினால் அதைத் தொடத் தோன்றும். கரண்ட் பில் வந்தாலும் தோன்றும். பிரிட்டன் அறக்கட்டளைச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று சொல்லி வாங்கிய நன்கொடையை வேறு எதற்கும் செலவழிக்க முடியாது. 'ஓய்வுபெற்ற குதிரைகளுக்கு மட்டும்' என்று சொல்லி நிதி திரட்டினால், அடுத்து வரும் நிர்வாகிகளையும் அது கட்டுப்படுத்தும்.

'அந்தக் காசுல இன்னும் அஞ்சு குழந்தைக்குக் கத்துக்கொடுக்கலாமே?'

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. பிரிட்டனில் சவாரிப் பள்ளிகள் மூடப்பட்டு வருவதாக பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி தொடர்ந்து கவலை தெரிவித்து வருகிறது. தீவனம், மின்சாரம், காப்பீடு எல்லாமே விலை ஏறிவிட்டன. பள்ளியே மூடப்பட்டால் குழந்தைகளும் நஷ்டப்படுவார்கள், குதிரைகளும் ஒரே நாளில் வீதிக்கு வந்துவிடும். ஓய்வூதியம் என்று பேசிப் பள்ளியையே மூழ்கடிப்பது தீர்வு ஆகாது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இந்தப் பள்ளிகள் குழந்தைகளுக்கு என்ன கற்றுத்தருகின்றன? சவாரி மட்டும் இல்லை. பொறுப்பு, பொறுமை, இன்னொரு உயிரைக் கவனிப்பது. வீட்டிலும் வெளியிலும் 'நீ தேவையில்லை' என்ற செய்தியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் அங்கே வருகிறார்கள். ஒரு திங்கட்கிழமை வரும்போது தங்களுக்குப் பிடித்த குதிரையின் லாயம் காலியாக இருக்கிறது. 'எங்கே போச்சு?' என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தக் குழந்தை கற்றுக்கொள்ளும் பாடம் என்ன? பயன் இருக்கும்வரைதான் மதிப்பு என்பதுதானே.

அதேநேரம் இலவசமாக வரும் குழந்தையின் தலையில் அந்த 200 ரூபாயை வைக்க முடியாது. அதனால் பாரத்தைப் பங்கு போட வேண்டும். முழுக்கட்டணம் கொடுக்கும் வாடிக்கையாளரிடம் வெளிப்படையாக ஒரு ஓய்வூதியக் கட்டணம். குழு நிகழ்ச்சிக்கு வரும் நிறுவனங்களிடம் கொஞ்சம் கூடுதலாக. ஒரு குறிப்பிட்ட குதிரைக்கு மாதாமாதம் சிறு தொகை கொடுக்கும் ஆதரவாளர்கள். நிலம் வைத்திருப்பவரிடம் பணத்துக்குப் பதில் மேய்ச்சல் இடம். பழைய குதிரைக்கு ஏற்பாடு செய்யாமல் புதுக் குதிரை வாங்குவதில்லை என்ற கட்டுப்பாடு. இந்தக் கடைசி விதிக்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் கடைப்பிடிக்கக் கஷ்டமானதும் அதுதான்.

வேறு வேலை தருவதும் ஒரு வழி. சவாரியிலிருந்து ஓய்வுபெற்ற எல்லாக் குதிரையும் உடனே சும்மா நிற்க வேண்டியதில்லை. முதுகில் யாரும் ஏறாமல், குளிப்பாட்டவும் சீவிவிடவும் தீவனம் கலக்கவும் குழந்தைகள் கற்றுக்கொள்ள அது உதவலாம். குதிரைக்கும் பழகிய சூழல் கிடைக்கும், பள்ளிக்கும் கொஞ்சம் பயன். ஆனால் வலி இருக்கும் நாளில் அதையும் விட்டுவிட வேண்டும்.

கடைசி முடிவும் பராமரிப்பில் சேரும்

கருணைக்கொலை என்ற வார்த்தை நம்மைச் சங்கடப்படுத்தும். ஆனால் வலியோடு எழுந்து நிற்க முடியாத குதிரையை, 'நாங்க எதையும் கொல்ல மாட்டோம்' என்ற பெருமைக்காக இழுத்துக்கொண்டே போவது கருணை இல்லை.

1930-ல் கெய்ரோ போன டோரதி புரூக், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்கு உழைத்த குதிரைகள் போருக்குப் பின் விற்கப்பட்டு, எலும்பும் தோலுமாகப் பாரம் இழுப்பதைப் பார்த்தார். 1931-ல் லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி நிதி திரட்டி, சில ஆண்டுகளில் சுமார் 5,000 குதிரைகளை வாங்கினார். அவற்றில் பெரும்பாலானவை மீள முடியாத நிலையில் இருந்தன. சில நாள் ஓய்வும் நல்ல தீவனமும் கொடுத்து, வலியில்லாமல் விடைகொடுத்தார். 1934-ல் அவர் கெய்ரோவில் தொடங்கிய மருத்துவமனையிலிருந்து வளர்ந்த 'புரூக்' அமைப்பு இன்று இந்தியாவிலும் உழைக்கும் குதிரைகளுக்காக வேலை செய்கிறது.

நல்ல பள்ளி இந்த முடிவை நெருக்கடி வரும்வரை தள்ளிப்போடாது. சாப்பிடுகிறதா, படுத்தால் எழுகிறதா, மற்ற குதிரைகளோடு சேர்கிறதா என்று தேதி போட்டுக் குறித்து வைக்கும். எந்த நிலை வந்தால் போதும் என்பதை மருத்துவரோடு முன்பே பேசி எழுதி வைக்கும். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி இதற்கென்றே 'ஃபிரண்ட்ஸ் அட் தி எண்டு' என்ற திட்டம் வைத்திருக்கிறது. குதிரையை இழக்கும் நேரத்தில் உரிமையாளருக்குத் துணை நிற்கப் பயிற்சி பெற்றவர்கள் வருவார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: தீவனச் செலவை மிச்சம் பிடிக்க ஆரோக்கியமான குதிரைக்கு ஊசி போட்டுவிட்டு அதற்கும் 'கருணை' என்று பெயர் வைக்கக் கூடாது. பணம் ஒதுக்கி வைத்திருந்தால்தான் இந்த முடிவைக் குதிரையின் நலனை மட்டும் பார்த்து எடுக்க முடியும்.

நம்ம ஊர்ல?

பிரிட்டன் கதை எதற்கு என்று கேட்கலாம். சென்னை, கோவை, பெங்களூரு பக்கம் சவாரி வகுப்புக்குப் போகிற இளைஞர்களும் குழந்தைகளும் இப்போது நிறைய. பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரைகள் இப்படிச் சவாரிக்கு வருவது இங்கே சகஜம். அவற்றுக்கு இது ஏற்கெனவே இரண்டாவது வேலை. மூன்றாவது கட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சுற்றுலா இடங்களில் நிலைமை இன்னும் வெளிப்படை. சீசனில் ஊட்டியில் சவாரி போகும் குதிரையை எல்லாரும் போட்டோ எடுக்கிறோம். வேலைக்கு ஆகாத குதிரைகள் சாலையோரம் குப்பையைக் கிளறுவதையும் அதே ஊரில் பார்க்கிறோம். குதிரைக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவரே அன்றாடம் காய்ச்சி, அவருக்கே பி.எஃப். இல்லை. நீலகிரியில் மசினகுடி பக்கம் மாவனல்லாவில் உள்ள ஐபேன் காப்பகம் போல ஒரு சில இடங்கள்தான் இப்படிப்பட்ட குதிரைகளுக்குப் புகலிடம்.

சட்டம்? 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி, பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் முறை தண்டனை 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். தப்பாகப் படிக்கவில்லை, ரூபாய்தான். ஒரு நாள் தீவனச் செலவைவிடக் கைவிடும் செலவு குறைவு.

இந்தியாவில் குதிரைகளின் எண்ணிக்கையும் சரிந்து வருகிறது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் 6 லட்சத்துக்கு மேல் இருந்தவை, 2019-ல் சுமார் 3.4 லட்சம். எண்ணிக்கை குறைந்தால் லாடம் அடிக்கத் தெரிந்தவரும் குதிரை வைத்தியம் தெரிந்தவரும் குறைவார்கள். மிச்சமிருக்கும் குதிரைகளுக்குப் பராமரிப்பு இன்னும் சிரமமாகும்.

அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. சவாரிக்கு அனுமதி தரும் உள்ளாட்சி அமைப்பே ஒரு சவாரிக்கு ஒரு சிறு தொகையைப் பயணியிடம் வாங்கி, தனி நிதியில் போட்டு, கால்நடைத் துறை மேற்பார்வையில் ஓய்வுக் கொட்டில் நடத்தலாம். குதிரையைக் கொண்டுவந்து ஒப்படைக்கும் குதிரைக்காரருக்கு அபராதம் இல்லை, உதவித்தொகை என்று வைத்தால் சாலையில் விடும் அவசியமே வராது.

நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த முறை உங்களுக்கோ உங்கள் வீட்டுக் குழந்தைக்கோ சவாரி வகுப்பு புக் செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். உங்ககிட்ட இருக்கிற குதிரையில் மூத்தது எது, அதுக்கு என்ன வயசு? கடைசியா ஓய்வு கொடுத்த குதிரை இப்போ எங்கே இருக்கு? ஓய்வுபெற்ற குதிரைகளுக்குன்னு தனியா நிதி இருக்கா? நல்ல பள்ளி சந்தோஷமாகப் பதில் சொல்லும், கூட்டிப்போய்க் காட்டவும் செய்யும். பதில் மழுப்பலாக வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

நன்கொடை கொடுப்பதாக இருந்தால், பிறந்தநாளுக்கு ஒருமுறை பெரிய தொகை கொடுப்பதைவிட மாதாமாதம் சின்னத் தொகை மேல். தீவனக்காரர் மாதாமாதம்தான் பில் அனுப்புவார். கொடுக்கும்போது 'ஓய்வுபெற்ற குதிரைகளுக்கு மட்டும்' என்று எழுத்தில் கொடுங்கள். ரசீதிலும் அப்படியே வரச் சொல்லுங்கள்.

'நானே தத்தெடுத்துக்கிறேன்' என்று உணர்ச்சிவசப்பட வேண்டாம். இடம், துணைக்குதிரை, லாடக்காரர், மருத்துவர், பத்து வருடம் இதைத் தாங்கும் வருமானம் எல்லாம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே நன்றாகச் செய்பவர்களுக்குக் கைகொடுப்பதே பெரிய உதவி.

பள்ளி நடத்துபவர்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. கட்டண ரசீதில் ஒரு வரி சேருங்கள்: 'குதிரை ஓய்வூதிய நிதி' என்று எழுதி, பக்கத்தில் தொகை. 200 வேண்டாம், 20 ரூபாயில் தொடங்கினாலும் சரி. அந்த வரி ரசீதில் வந்துவிட்டால், பணம் கொடுப்பவர் கேள்வி கேட்பார். வாங்குபவர் கணக்கு சொல்லியாக வேண்டும்.